வாக்குத் தவறிய தாள்கள்

பழையன எல்லாம் அரியன அல்ல; அரியன எல்லாம் விலைபோவனவும் அல்ல. இவ்விரண்டு உண்மைகளையும் நான் பள்ளிக்கூடத்திற் படித்தறிந்தேனல்லேன். நாற்பது ஆண்டு காலம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியும் அறிந்தேனல்லேன். ஒரு பழைய றங்குப்பெட்டி எனக்கு அவற்றைக் கற்பித்தது.

எங்கள் வீட்டு உள்ளறையின் மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. கறுப்பு வர்ணம் பூசிய தகரப் பெட்டி. அதற்குள்ளே வெள்ளை வேட்டித் துண்டொன்றிற் சுற்றிய நாணயத்தாள் கட்டுக்கள் இருபத்தேழு இருந்தன. அவை என் தாய்வழிப் பாட்டனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்தவை. அவரை நாங்கள் அப்பு என்றே அழைப்போம். “மலாயாக் காசு” என்று வீட்டார் அதனைச் சொல்லும்பொழுது அவர்கள் குரலில் ஒரு மரியாதையும் ஒரு கசப்பும் ஒருங்கே கலந்திருக்கும்.

சென்ற ஆண்டு மாரிக்கு முன்னர் என் தங்கையின் வீட்டுக் கூரை ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. மரத்தைக் கறையான் தின்றிருந்தது. ஓடுகளிற் பாதி உடைந்திருந்தன. அந்த வேளையிலேதான் கனடாவிலுள்ள எங்கள் உறவினன் ஒருவன், பழைய நாணயத்தாள் ஒன்று எங்கோ பல இலட்சத்திற்கு விலைபோன செய்தியைத் தொலைபேசியிற் சொன்னான். தங்கையின் மகள் அதனைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, ஆச்சியின்ரை பெட்டிக்குள்ள கிடக்கிற காசை வித்தால் கூரையை மாத்தலாமெல்லோ?”

அவள் உயர்தர வகுப்பிற் பொருளியல் பயில்பவள். அவளுடைய கேள்வியை என்னாற் சிரித்துத் தள்ள முடியவில்லை. எனக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் காசின் வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

அப்பு 1924 ஆம் ஆண்டில் மலாயா சென்றவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலம் படித்து, மலாயாப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகச் சேர்ந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்திலே இங்கு கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பட்டன, தங்கையருக்குச் சீதனம் சேர்ந்தது. அப்பு ஈப்போவிலே வேலை பார்த்தார். பிள்ளைகளின் படிப்பின் பொருட்டு ஆச்சி 1938 இல் ஊர் திரும்பினார். மாதந்தோறும் அப்புவின் பணம் தவறாது வந்தது.

1941 டிசம்பரில் யப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையில், கோத்தபாருவில், இறங்கியது. 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று தொடங்கி மூன்றரை ஆண்டுக் காலம் அப்புவிடமிருந்து கடிதமும் இல்லை, காசும் இல்லை. அவர் உயிரோடிருக்கிறாரா என்பதுதானும் தெரியாது. ஆச்சி தம் காப்பையும் சங்கிலியையும் அடைவு வைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார். அந்த நகைகள் பிறகு மீளவேயில்லை.

அப்பு 1946 இல் வந்து சேர்ந்தார். தளர்ந்த உடம்பு, கையில் அந்த றங்குப்பெட்டி. அதற்குள்ளே, ஊருக்கு அனுப்ப வழியின்றி அவர் சேமித்து வைத்த சம்பளம் முழுவதும் யப்பானியர் அச்சிட்ட தாள்களாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் டொலர். யுத்தத்துக்கு முன்னராயின், அது ஓர் எழுதுவினைஞர் கனவிலும் கண்டிராத தொகை. ஆனால் 1945 செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பி வந்ததும் அத்தாள்கள் செல்லாவென்று விடப்பட்டன. யுத்தத்துக்கு முந்திய மலாயாத் தாள்களை ஒளித்து வைத்திருந்தவர் பிழைத்தனர். யப்பானியத் தாளிற் சேமித்தவர் வெறுங்கையராயினர்.

இந்தப் பெட்டியைத்தான் நான் புகைவண்டியேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளவத்தையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர். ஐம்பது ஆண்டுகளாக நாணயத்தாள் சேகரிப்பவர். வியாபாரியல்லர், ஆயினும் வியாபாரிகள் ஐயந் தீர்க்க அவரிடமே வருவர். பெயரைச் சொல்ல அவர் விரும்பமாட்டார். என் கட்டுக்களை அவர் மேசையில் வைத்ததும், பருத்திக் கையுறை அணிந்து, ஒவ்வொரு தாளையும் ஓரத்திற் பிடித்து, வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பார்த்தார். அரைமணி நேரம் ஒரு சொல்லும் பேசவில்லை.

“மாஸ்ரர், குறை நினையாதேயுங்கோ. இதுக்குச் சந்தையில பெறுமதி இல்லை,” என்றார்.

“எண்பது வருஷத்துப் பழைய தாள் ஐயா,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து சென்று ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே நகக்கண் அளவான செப்புக்காசுகள் ஒரு பிடி இருந்தன. அவை உரோமர் காலத்துக் காசுகள். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டு வயதுடையவை. இலங்கை மண்ணிலே அவ்வகைக் காசுகள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டுள்ளன. ஆதலால் தேய்ந்த காசொன்றை வாங்க எளியவனுக்கும் இயலும் என்றார். வயது வேறு, அருமை வேறு என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் எனக்குக் கிட்டியதில்லை.

அதன் பின்னர் அவர் சொன்னவற்றை, ஓர் ஆசிரியனுக்குரிய பழக்கத்தினால், நான் குறித்து வைத்துக்கொண்டேன். வாசகர்களுக்கும் அவை பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

நாணயத்தாள் ஒன்றின் விலையைத் தீர்மானிப்பவை மூன்று. முதலாவது, இன்று எத்தனை தாள்கள் எஞ்சியுள்ளன என்பது. எத்தனை அச்சிடப்பட்டன என்பதன்று. இரண்டாவது, அதன் நிலை. மூன்றாவது, அதனை விரும்புவோர் தொகை. உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பினும், அதனை வேண்டுவார் ஒருவரும் இல்லையேல் அதற்கு விலையில்லை.

நிலை என்பது சேகரிப்போருக்கு உயிர் போன்றது. அச்சகத்திலிருந்து வந்தபடியே மடிப்பு விழாதிருக்கும் தாளுக்கும், சட்டைப்பையில் ஒருமுறை மடிந்த தாளுக்கும் இடையே விலையிற் பெரும் வேற்றுமையுண்டு. அறியாதார் பழந்தாளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவர். மடிப்பு நீங்கச் சூட்டுப்பெட்டியால் அழுத்துவர். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவர். இம்மூன்றும் தாளைக் கொல்லும் செயல்கள். கழுவிய தாளின் மினுக்கம் போய்விடும்; ஒட்டுநாடாவின் பசை சில ஆண்டுகளிற் பழுப்பேறிப் பரவும். தரங்குறைந்த பிளாத்திக்கு உறைகளும் நாளடைவிற் கசிந்து தாளைக் கெடுக்கும். அமிலம் நீக்கிய கடதாசியிற் பொதிந்து, வெயிலும் ஈரமும் படாத இடத்திற் கிடையாக வைத்தலே நன்று. நம் நாட்டில் இராமபாணப் பூச்சியும் கறையானும் எந்தச் சேகரிப்பாளரினும் ஊக்கமுடையவை என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார்.

பிறகு அவர் ஒரு கோப்பைத் திறந்து, அதிலிருந்து ஒரு சிறு தாளைக் காட்டினார். 1942 ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் வெளியிட்ட ஐந்து சதத் தாள் அது. யுத்தத்தினால் உலோகம் அரிதாகிச் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபொழுது, ஐந்து சதம், பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் என்பனவற்றையும் கடதாசியிலேயே அச்சிட்டார்கள். ஐந்து சதத் தாளின் நடுவே, முத்திரைகளுக்கு இருப்பதுபோல, ஒரு துளைவரிசை. ஒரு பாதி இரண்டு சதம். மறுபாதி மூன்று சதம். வேண்டியபோது கிழித்துக் கொடுக்கலாம். கிழிப்பதற்கென்றே செய்த தாளைக் கிழியாமல் வைத்திருந்தவர் எத்தனை பேர்? அதனாலேதான் பிரியாத தாளைச் சேகரிப்போர் தேடுகின்றனர்.

“உங்கடை அப்புவின்ரை ஆயிரக்கணக்கான டொலரிலும், இந்த அஞ்சு சதத்தை விரும்பிறவை கூட,” என்றார்.

அவர் அடுத்துச் சொன்ன செய்தியே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

1884 மே மாதம் 3 ஆம் நாள் இலங்கையில் ஒரு பெரும் வங்கி கதவடைத்தது. ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் என்பது அதன் பெயர். கோப்பிச் செடியை இலைநோய் பற்றி, தோட்டங்கள் அழிந்து கொண்டிருந்த காலம் அது. அந்த வங்கியின் தாள்கள் நாடெங்கும் வழங்கின. தாள் வைத்திருந்தோர் திகைத்து நிற்க, தேசாதிபதி ஆதர் கோடன் அரசாங்கமே அத்தாள்களுக்குப் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். மக்கள் தாள்களைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டிலே, 1885 இல், அரசாங்கம் தன் சொந்த நாணயத்தாள்களை வெளியிடத் தொடங்கிற்று. இன்றோ அந்த வங்கியின் இலங்கைத் தாளொன்றைக் காண்பது மிக அரிது. காரணம் என்ன? அவற்றிற்குரிய கடன் தீர்க்கப்பட்டது; தீர்த்ததும் தாள் அழிக்கப்பட்டது.

நாணயத்தாள் என்பது உண்மையில் ஒரு கடன் பத்திரம். ‘கேட்டவுடன் கொடுப்பேன்’ என்பதே அதன் பொருள். வாக்கைக் காப்பாற்றிய தாள் தன்னை வெளியிட்டவரிடம் திரும்பிச் சென்று நெருப்பில் வேகிறது. வாக்குத் தவறிய தாளோ போக்கிடம் இன்றிப் பெட்டியின் அடியிலே கிடந்து நூறாண்டு வாழ்கிறது. ஆகவேதான் நாணயமாக நடந்துகொண்டவரின் தாள் இன்று அரிதாகவும், நாணயம் தவறியவரின் தாள் மலிவாகவும் இருக்கக் காண்கிறோம். காலத்தின் விளையாட்டு இது!

அப்புவின் தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பத்து டொலர்த் தாளிலே வாழைமரமும் குலையும் வரைந்திருக்கின்றன. அதனாலேயே மலாயாவில் அதனை ‘வாழைமரக் காசு’ என்றனர். ஆயிரம் டொலர்த் தாளிலே மாட்டுவண்டி. மலாயாவுக்கு உரியது என்பதைக் குறிக்க ஆங்கில ‘எம்’ எழுத்தோடு தொடங்கும் அடையாளம். பர்மாவுக்கு ‘பீ’, பிலிப்பைன்சுக்கு ‘பி’ என வேறு வேறு எழுத்துக்கள். யப்பானிய அரசாங்கம் கேட்டவுடன் பத்து டொலர் கொடுக்க வாக்களிக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. ஆனால் கையொப்பமிட்டவர் எவருமில்லை. தொடக்கத்தில் வந்த சில தாள்களுக்குத் தொடரிலக்கம் இருந்தது. பின்னர் அதனையும் விட்டுவிட்டார்கள். இலக்கமில்லாத பணத்துக்கு அளவேது? வேண்டிய மட்டும் அச்சடித்தார்கள். முதலில் யுத்தத்துக்கு முந்திய டொலருக்குச் சமமென்று சொல்லப்பட்ட தாள், ஈற்றிலே கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அரிசி வாங்கப் போதாததாயிற்று. அச்சடித்தவற்றுட் பல அழியாது எஞ்சியமையால் இன்று அவற்றிற்குப் பஞ்சமில்லை. போதாக்குறைக்குப் போலிப் பிரதிகளும் உலவுகின்றன.

“தொடரிலக்கம் உள்ள தாள் இருந்தால் அதுக்கு ஓரளவு விலை வரும்,” என்று பெரியவர் தேடினார். முதற் கட்டுக்களில் ஐந்து தாள்கள் அகப்பட்டன. அவற்றுள் மூன்றைக் கண்டதும் அவர் முகம் சற்று வாடியது.

“எழுதியிருக்குது, மாஸ்ரர். எழுத்து விழுந்த தாளை ஆரும் வாங்காயினம்.”

அப்பொழுதுதான் நான் முதன்முறையாகக் கவனித்தேன். ஒவ்வொரு கட்டின் மேற்றாளிலும், மூலையிலே, பென்சிலால் ஒரு மாதத்தின் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தன. அவற்றின் கீழே சிறிய எழுத்தில் ஒரு சொல்: ‘வீட்டுக்கு’. முதலிரு கட்டுக்களின் அடியிலிருந்த தாள்களிலும் அவ்வாறே. சிறு வயதில் அந்தக் கட்டுக்களைத் தொடுவதற்கு ஆச்சி எங்களை விட்டதில்லை. பெரியவனான பின்னர் அவற்றை அவிழ்த்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு எழுந்ததில்லை.

இருபத்தேழு கட்டுக்களையும் மேசையில் வரிசையாக அடுக்கினோம். முதற் கட்டுக்களிலே ஐந்து டொலர், பத்து டொலர்த் தாள்கள் சிலவே இருந்தன. நடுக்கட்டுக்கள் தடித்தன. 1945 இன் கட்டுக்களிலோ நூறு டொலர்த் தாள்களே நிறைந்திருந்தன. ஒரு கட்டில் மட்டும் மாதத்தின் பெயரோடு ‘சைக்கிள் விற்றது’ என்று எழுதியிருந்தது. மற்றெல்லாக் கட்டுக்களினும் தடித்த கட்டு அது. ஆயிரக்கணக்கான டொலருக்கு மிதிவண்டியை விற்ற மனிதர், அதனைத் தம் வீட்டுக்கென்று கட்டி வைத்திருக்கிறார்! அந்தப் பணம் நாளை என்னாகும் என்று அவருக்குத் தெரியாதிருந்திருக்குமா? தெரிந்தும் வைத்தாரா? சேர்ப்பதை விட்டால் வீட்டை மறந்தவனாவேன் என்று அஞ்சினாரா? கேட்பதற்கு அவர் இல்லை.

வேட்டித் துண்டின் மடிப்பிலிருந்து இன்னுமொரு கடதாசி விழுந்தது. அது 1943 ஆம் ஆண்டின் அடைவுச் சீட்டு. இரண்டு காப்பு, ஒரு சங்கிலி. ஆச்சி அதனை அப்புவின் கட்டுக்களோடு சேர்த்தே வைத்திருந்திருக்கிறார். கடலுக்கு அப்பால் ஒருவர் சேர்த்ததும், இப்பால் ஒருவர் இழந்ததும் ஒரே துணியிற் கிடந்தன.

அம்மா சொன்ன ஒரு செய்தி அப்பொழுது நினைவுக்கு வந்தது. 1951 இல் சன்பிரான்சிஸ்கோ மகாநாட்டிலே நம் நாட்டின் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, யப்பானிடமிருந்து இலங்கை நட்டஈடு கோராது என்று பேசினார். உலகம் அதனைப் போற்றியது. பத்திரிகையில் வந்த அந்தப் பேச்சை மாமா உரக்கப் படித்தபொழுது, ஆச்சி அடுப்படியிலிருந்தபடியே, “நாடு விட்டிட்டுதெண்டால் விடட்டும், நான் விடேல்லை,” என்றாராம். அயலார் பலர் தம்மிடமிருந்த மலாயாத் தாள்களைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தனர். ஆச்சி கொடுக்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது, மழையிலும் சேற்றிலும் நடந்த அம்மா, காணி உறுதியோடு இந்தப் பொட்டலத்தையும் சீலையில் முடிந்து கொண்டுபோனார். பயனில்லாத அதனை ஏன் சுமக்கிறீர்கள் என்று நான் அன்று சினந்தேன். அந்த வார்த்தையை இப்பொழுது திருப்பி எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், இயலவில்லை.

“ஐயா, பென்சில் எழுத்துத்தானே? அழித்துவிட்டால்?” என்று கேட்டேன். கூரை என் நினைவில் இருந்தது, அதனால் கேட்டேன்.

பெரியவர் கையுறைகளைக் கழற்றினார். “அழிச்சாலும் தடம் தெரியும். விலை கொஞ்சந்தான் ஏறும்,” என்றார். சற்று நேரம் கழித்து, “எழுத்தில்லாத தாள் உலகமெல்லாம் கிடக்குது, மாஸ்ரர். இந்த எழுத்துள்ள தாள் உங்களிட்டை மட்டுந்தான் கிடக்குது. நான் சேகரிக்கிறவன், எனக்கு இது உதவாது. ஆனால் அழிக்கச் சொல்லி என்ரை வாயாலை சொல்லமாட்டன்,” என்றார்.

எழுத்து விழாத, தொடரிலக்கமுள்ள இரண்டு தாள்களை அவர் நியாயமான விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் என் பிரயாணச் செலவுக்கும் ஓடு சிலவற்றுக்கும் போதுமாயிருந்தது. மற்றவற்றை முன்போலவே கட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மருமகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் முகம் சிறுத்தது. இரண்டு நாள் அந்தப் பெட்டியின் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் இரவு, மண்டபத்து விளக்கின் கீழே கட்டுக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதத்தையும் அந்த மாதத்துத் தாள்களின் தொகையையும் கொப்பியில் அட்டவணையாக எழுதிக்கொண்டிருந்தாள். பணவீக்கம் என்று பாடப்புத்தகத்தில் மனனஞ் செய்தது இதுதானா மாமா என்று கேட்டாள். ஆம் என்றேன். அந்த அட்டவணையை வகுப்பிலே காட்டியபோது, மாணவர் எல்லோரும் சைக்கிள் விற்ற கட்டைப் பற்றியே கேட்டார்களாம்.

கூரையைத் தங்கை கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று மாற்றினாள். மாதந்தோறும் அந்தக் கடனைக் கட்டி வருகிறாள். இன்னும் இரண்டாண்டுக்குக் கட்ட வேண்டும்.

பழந்தாள்கள் வீட்டில் வைத்திருப்போருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. இலட்சம் வரும் என்று நம்பாதீர்கள். ஒன்றுமில்லை என்று எரித்தும் விடாதீர்கள். அறிந்தவரிடம் காட்டுங்கள். கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், ஒட்டாதீர்கள். யாரேனும் எதையேனும் எழுதி வைத்திருந்தால், விற்கும் முன்னர் அதனை ஒருமுறை வாசியுங்கள்.

நானும் வாசித்தேன். கட்டுக்களைப் புதிய கடதாசியிற் பொதியும்பொழுது, இருபத்தேழாவது கட்டின் மேற்றாளைப் பார்த்தேன். அதில் மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. யுத்தம் முடிந்து, தாள்கள் செல்லாவென்று தெரிந்த பின்னர் கட்டியதாயிருக்க வேண்டும். ஆயினும் மூலையிலே அந்த ஒரு சொல் மட்டும் முன்போலவே எழுதியிருந்தது: ‘வீட்டுக்கு’.